குதிகாலில் வலி, கையில் பெரிய கிளப்பின் அழைப்பு: மகனைச் சேர்க்கலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 11 வயது. வரும் நவம்பரில் 12 முடிகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன கிளப்பில் மூன்று ஆண்டுகளாக ஃபுட்சால் (சின்ன மைதானத்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து) ஆடுகிறான். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம். பள்ளிக் கால்பந்து அணியிலும் இருக்கிறான். அதற்கு வாரத்தில் இரண்டரை மணி நேரம் போகிறது. சின்ன கிளப்பில் அவன்தான் கேப்டன். அந்த அணி பெரும்பாலும் தோற்கிறது, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

போன மாதம் பெரிய கிளப் ஒன்றின் ட்ரையல்ஸுக்குப் போய் வந்தான். 13 வயதுக்கு உட்பட்டோர் அணியின் இரண்டாம் பட்டியலில் இடம் தருவதாக அழைப்பு வந்திருக்கிறது. வாரம் நான்கு மாலை ஒன்றரை மணி நேரப் பயிற்சி, சனிக்கிழமை காலையில் தனியாக ஒன்றரை மணி நேர உடற்பயிற்சி, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். ஆண்டுக்கு இரண்டு முறை வெளியூர்ப் போட்டி. மூன்று நாள் தங்கல், பெற்றோர் உடன் தங்கக் கூடாது. ஓராண்டுக் கட்டணத்தைச் சேரும்போதே கட்டிவிட வேண்டும், காயம் பட்டு விலகினாலும் திரும்பக் கிடைக்காது. அந்த ஓராண்டில் வேறு கிளப்புக்கு ஆடக் கூடாது என்று படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். பதில் சொல்ல இரண்டு வாரம் கெடு.

கணவர் இளம் வயதில் கால்பந்து ஆடியவர், முழங்கால் காயத்தோடு நிறுத்தியவர். "இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது. பிரேசில்காரங்க எல்லாரும் ஃபுட்சால்லதான் வளர்ந்தாங்க" என்கிறார். பள்ளி அணியையும் விட வேண்டியதில்லை, ஃபுட்சால் மைதானம் சின்னதுதானே, உடம்பு தாங்கும் என்பது அவர் எண்ணம். அம்மாவுக்கு வேறு கவலை. இரண்டு மாதமாகப் பையனுக்கு இரண்டு குதிகாலும் வலிக்கிறது. காலையில் எழுந்ததும் நொண்டுகிறான். "வளர்ற வலி, தானாப் போயிடும்" என்று தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். டோர்னமென்ட் நாட்களில் ஆட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். சேர்க்கலாமா, வலி தானாகப் போய்விடுமா, வேண்டாம் என்று சொன்னால் அவன் எதிர்காலத்தை நானே கெடுத்தவள் ஆவேனா என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கிளப்பைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் கணவரின் ஆசையைப் பற்றியும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். மகன் சொன்னதாக அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "அங்க போனா என்னை ஆட விடுவாங்களாம்மா?" அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். மொத்தக் கடிதத்திலும் சரியான கேள்வியைக் கேட்டிருப்பவன் அவன்தான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். ஆனால் நான் விளையாட்டு மருத்துவர். நொண்டும் பிள்ளையை வைத்துக்கொண்டு கிளப்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. குதிகாலிலிருந்து தொடங்குவோம்.

இது வளர்கிற வலி அல்ல

பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வளர்ச்சி வலி பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வரும். கெண்டைக்காலிலோ தொடையிலோ இரண்டு பக்கமும் பரவலாக இருக்கும். காலையில் எழுந்தால் பிள்ளை ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். உங்கள் மகனுக்கு வலி ஒரே இடத்தில் இருக்கிறது, ஆடினால் கூடுகிறது, காலையில் நொண்ட வைக்கிறது. இது வேறு கதை.

ஒன்று செய்து பாருங்கள். அவனைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, பாதங்கள் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி விடுங்கள். குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல அழுத்துங்கள். அடிப்பாதத்தை அழுத்த வேண்டாம், பக்கவாட்டில்தான். "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டால், அங்கேயுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு எரிச்சலடைந்திருக்க வாய்ப்பு அதிகம். செவர் நோய் என்று இதைச் சொல்வோம். நோய் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 8 முதல் 14 வயதுக்குள், ஓடிக் குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான். எலும்பு நீளும் வேகத்துக்குக் கெண்டைக்கால் தசை ஈடுகொடுக்க முடியாமல் இறுகிப்போகிறது. அந்தத் தசையின் தசைநாண் குதிகாலில் வந்து சேரும் இடத்தில், இன்னும் முழு எலும்பாக மாறாத பகுதியை ஒவ்வொரு ஓட்டத்திலும் இழுக்கிறது. கட்டாந்தரையில் திடீர் திடீரென்று நின்று திரும்பும் ஆட்டத்தில் இந்த இழுவை இன்னும் கூடும்.

நல்ல செய்தி, இது நிரந்தரமாக எதையும் கெடுப்பதில்லை. அந்த வளர்ச்சிப் பகுதி ஏறக்குறைய 15 வயதுக்குள் மூடிக்கொள்ளும், பிரச்சினையும் அதோடு முடியும். ஆனால் அதுவரை ஓட்டத்தைக் குறைக்காமல், வலியை மட்டும் மறைத்துக்கொண்டு போனால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் அந்த மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை இனி ஒன்றுகூட வேண்டாம். "இதற்கு மேல் வேண்டாம்" என்று உடம்பு சொல்வதற்கு அவனிடம் இருக்கும் ஒரே வழி அந்த வலி. அதை அடக்கிவிட்டு ஐந்து மேட்ச் ஆட விட்டால், எங்கே நிறுத்துவது என்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இபுப்ரொஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. நீங்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, தெரியும். பல வீடுகளில் நடப்பதுதான். இனி வேண்டாம்.

அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓட்டம், குதிப்பு இரண்டையும் நன்றாகக் குறையுங்கள். நின்ற இடத்தில் பந்தைக் கட்டுப்படுத்துவது, சுவரில் பாஸ் அடிப்பது, நீச்சல், சைக்கிள் எல்லாம் வலிக்காத வரை செய்யலாம். ஆடிய பிறகு துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யட்டும். ஷூவையும் பாருங்கள். குதிகால் பகுதி தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். குதிகாலுக்கு மெத்தைபோல் ஒரு பட்டை வைத்துக்கொள்ளலாம். வளர்கிற பையன்தானே, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது இந்த ஆட்டத்துக்குச் சரிப்படாது. உள்ளே பாதம் வழுக்கும்.

எப்போது திரும்ப ஆடலாம் என்பதற்கு எளிய விதி ஒன்றுண்டு. நொண்டினால் ஆட்டம் இல்லை. நொண்டாமல் ஆடி, மறுநாள் காலை நொண்டாமல் எழுந்தால் கொஞ்சம் கூட்டலாம். இதற்கிடையில் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். விரலால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, வீக்கம், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: இந்த வயதில் முழங்கால் வலி என்று நொண்டி வரும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டையும் சோதிக்க வேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும்போது வலி முழங்காலில்தான் தெரியும். அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை.

சின்ன மைதானம் என்றால் குறைந்த உழைப்பு என்று அர்த்தமில்லை

உங்கள் கணவர் நினைப்பதற்கு நேர்மாறு. பெரியவர்கள் ஆடும் சர்வதேச ஃபுட்சால் மைதானம் ஏறக்குறைய 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அணிக்கு 5 பேர். ஆளுக்குக் கிடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால் 80 சதுர மீட்டர். முழுக் கால்பந்து மைதானத்தில் 22 பேருக்குப் பங்கிட்டாலும் ஒருவருக்கு 300 சதுர மீட்டருக்கு மேல் வரும். இடம் குறையக் குறைய நிற்பதும் திரும்புவதும் மறுபடி பாய்வதும் கூடும். பந்து வெளியே போனால் 4 நொடிக்குள் ஆட்டத்தைத் தொடங்கியாக வேண்டும், மூச்சு வாங்க நேரமில்லை. உயர்மட்ட ஆட்டக்காரர்களின் இதயத் துடிப்பு மேட்ச் முழுக்க உச்ச அளவின் 85, 90 சதவீதத்தில் ஓடுவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் ஆட்டத்தின் குணம் அதுதான்.

இப்போது அவனுடைய வாரத்தை ஒரு தாளில் போடுங்கள். தற்போது கிளப் 2 மணி, பள்ளி இரண்டரை மணி, ஆக நாலரை மணி நேரம். புதிய கிளப்பில் சேர்ந்தால் மாலைப் பயிற்சி 6 மணி, சனிக்கிழமை ஒன்றரை, பள்ளி இரண்டரை, மொத்தம் 10. டோர்னமென்ட் வாரங்களில் ஐந்து மேட்ச், அவற்றுக்கான வார்ம்-அப் எல்லாம் சேர்த்தால் 12, 13-ஐத் தொடும். வலியோடு இருக்கும் பையனுக்கு ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுகிறீர்கள். இளம் விளையாட்டு வீரர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் பயிற்சி செய்தவர்களுக்கு அதீதப் பயன்பாட்டால் வரும் காயங்கள் கூடுதலாக இருந்தன. 11 வயதுப் பையனுக்கு 11 மணி நேரம் மேல் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எல்லைதான், அந்த அளவை எட்ட வேண்டும் என்று பொருளல்ல.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், பிரதான விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் 3 மாத விடுப்பும் வேண்டும் என்கிறது. அந்த விடுப்பை ஒவ்வொரு மாதமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் டோர்னமென்ட் வாரங்களில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. இரவு 9 மணிக்குப் பயிற்சி முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுத்தால் எத்தனை மணி மிஞ்சும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனுடைய உயரத்தைச் சுவரில் குறித்து வாருங்கள். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் மிக வேகமாக உயர்வார்கள். அந்த ஓராண்டில் 9, 10 சென்டிமீட்டர் ஏறுவது சாதாரணம். காயங்கள் கூடுவதும், கால் தன் பேச்சைக் கேட்காததுபோல் பந்து தடுமாறுவதும் அப்போதுதான். கோடு வேகமாக மேலே போகும் மாதங்களில் சுமையைக் குறைக்கச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

"இப்ப விட்டா பிடிக்க முடியாது"

இதை உங்கள் கணவரும் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. ரொனால்டினோ, நெய்மார் போன்றவர்கள் சிறு வயதில் ஃபுட்சால் ஆடியவர்கள்தான். ஃபுட்சால் பந்து 4-ஆம் நம்பர் அளவு, அதிகம் எழும்பாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் எழும்பலில் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் வர வேண்டும் என்பது விதி. பந்து காலடியிலேயே கிடப்பதால் நெருக்கடியில் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம் வருகிறது. பெரிய மைதானத்துக்குப் போகிற பிள்ளைக்கும் அது சொத்து.

ஆனால் அந்தச் சொத்து காலில் பந்து படும் நேரத்தில்தான் சேருகிறது. ஜெர்சியில் எந்த கிளப்பின் சின்னம் இருக்கிறது என்பதால் சேருவதில்லை. தோற்கும் அணியில் முழு நேரம் ஆடும் கேப்டன், ஒரு மேட்ச்சில் எதிராளியை எத்தனை முறை எதிர்கொள்கிறான், எத்தனை தவறு செய்து திருத்திக்கொள்கிறான் என்று அடுத்த மேட்ச்சில் உட்கார்ந்து பாருங்கள். அதே பையன் வென்ற அணியின் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி மூன்று நிமிடம் ஆடினால் இதில் எவ்வளவு கிடைக்கும்? பெஞ்சில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். பெரியவர்களுக்குச் சரி. 11 வயதுப் பிள்ளை ஆடித்தான் கற்றுக்கொள்ளும்.

வயதைப் பொறுத்தவரை, ஒரே விளையாட்டில் தீவிரமாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லது என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. நார்வே நாட்டில் விளையாட்டுக் கூட்டமைப்பே விதி போட்டிருக்கிறது: 11 வயதை எட்டும் ஆண்டு வரை பிள்ளைகளின் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது, 13-ஐ எட்டும் ஆண்டு வரை தேசிய, சர்வதேச சாம்பியன்ஷிப்களுக்கு அனுப்பக் கூடாது. அந்த நாட்டிலிருந்துதான் கால்பந்து நட்சத்திரங்களான எர்லிங் ஹாலந்தும் மார்ட்டின் ஒடகார்டும் வந்தார்கள். அந்த விதியால்தான் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காத்திருப்பதால் திறமை கெட்டுப்போவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கணவர் தன் முழங்காலை இழந்த வலியோடு பேசுகிறார் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காயத்தால் ஆட்டத்தை விட்டவருக்குத்தான், மகன் நொண்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவது மற்றவர்களைவிடச் சீக்கிரம் கண்ணில் பட வேண்டும். அவரிடம் வாதாடாதீர்கள். அந்தக் குதிகாலை அவரையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் பட்டியல் என்பது என்ன?

மூத்த வயது அணிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அவன் வயதுக்கான அணியில் இடம் நிரம்பிவிட்டது என்று அவர்களுடைய அழைப்பிலேயே இருக்கிறது. வயதுப் பிரிவைப் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்துத்தான் கணக்கிடுவார்கள். நவம்பரில் பிறந்தவன், தன் வயதுப் பிரிவிலேயே சின்னவர்களில் ஒருவன். ஒரு பிரிவு மேலே போனால், முந்தைய ஆண்டு ஜனவரியில் பிறந்த பையனோடு மோத வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு வயது வித்தியாசம். அவர்களில் சிலருக்கு உடம்பு முற்றத் தொடங்கியிருக்கும். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே இளையோர் அணிகளில் அளவுக்கு அதிகமாகத் தேர்வாகிறார்கள் என்பது கால்பந்தில் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. உயரத்தையும் பலத்தையும் திறமை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கேதான் உங்கள் மகனின் கேள்வி வருகிறது. ஆட விடுவார்களா?

கால்பந்தில் ஒருவரை வெளியே எடுத்தால் பெரும்பாலும் மறுபடி இறக்க முடியாது. அதனால் பயிற்சியாளர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஃபுட்சாலில் அந்தச் சிக்கலே கிடையாது. ஆட்டம் ஓடும்போதே, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம், போனவர் திரும்ப வரலாம். 1930-ல் உருகுவேயின் மொண்டேவிடியோவில், ஒய்.எம்.சி.ஏ.வில் ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இளைஞர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காக இதை உருவாக்கினார். மைதானம் சின்னது, அணி சின்னது, ஆள் மாற்றத்துக்குத் தடையில்லை. ஆகவே ஃபுட்சாலில் ஒரு பிள்ளை நாள் முழுக்க பெஞ்சில் இருந்தால், அது விதியால் வந்ததல்ல, பயிற்சியாளரின் விருப்பத்தால் வந்தது. அவரிடம் நேராகக் கேளுங்கள்: "இரண்டாம் பட்டியலில் இருக்கும் பிள்ளை ஒரு டோர்னமென்ட்டில் குறைந்தது எத்தனை நிமிடம் ஆடுவான்?" நல்ல பயிற்சியாளர் ஒரு அளவைச் சொல்வார். "அது அவன் உழைப்பைப் பொறுத்தது" என்ற பதில் வந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

சேரும் முன் ஒரு டோர்னமென்ட்டுக்குச் சும்மா பார்வையாளராகப் போய் வாருங்கள். கோப்பை வாங்கும் பிள்ளையை விட்டுவிட்டு, கடைசி நம்பர் ஜெர்சி போட்ட பிள்ளையைப் பாருங்கள். எத்தனை தடவை உள்ளே போகிறான், தப்பு செய்தவுடன் வெளியே இழுக்கிறார்களா, வெளியே வந்ததும் யாராவது அவனிடம் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் மகன் முதல் ஆண்டில் இருக்கப்போகிற இடம் அதுதான்.

கையெழுத்துப் போடும் முன்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் கிளப்களோடு பழகும் மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம். படிவத்தில் கையெழுத்திட்டால் பிள்ளையை ஓராண்டுக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். பயிற்சிக்கு வர மாட்டேன் என்று சொல்லும் பிள்ளையை எந்தக் காகிதமும் கட்டாயப்படுத்தி ஓட வைக்க முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கட்டிய பணம், வேறு கிளப்புக்கு மாறும்போது தேவைப்படும் பதிவு விடுவிப்பு (பழைய கிளப் தன் பதிவிலிருந்து அவனை விடுவிப்பது). இவை இரண்டும் நாட்டுக்கு நாடு, சங்கத்துக்குச் சங்கம் மாறும். கிளப் சொல்வதை மட்டும் கேட்காமல், உங்கள் பகுதிக் கால்பந்து சங்கத்தின் பதிவு விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புரியாவிட்டால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

- காயம் பட்டால் கட்டணம் திரும்பாது என்ற வரியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் மீதி மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தரவோ அடுத்த பருவத்துக்கு மாற்றவோ ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், கட்டிய பணத்துக்காக வலியோடு ஆட வைக்கும் நெருக்கடி உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும்.

- வெளியூர்த் தங்கல் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளோடு யார் யார் போகிறார்கள், பொறுப்பான பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேராவது இருக்கிறார்களா, எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒரே அறையில் தங்க மாட்டார் என்பது எழுத்தில் இருக்கிறதா, அவன் எந்த நேரத்திலும் உங்களுக்குப் போன் செய்யலாமா? பெற்றோர் அதே ஊரில் வேறு இடத்தில் தங்குவதைக்கூட ஒரு கிளப் தடுத்தால், பெற்றோர் பயிற்சியைப் பார்க்கவே கூடாது என்று சொன்னால், மேற்கொண்டு பேச வேண்டாம். 11 வயதுப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் தனியாக மெசேஜ் அனுப்புவதும் வேண்டாம். உங்களையும் சேர்த்த குழுவில் அனுப்பட்டும்.

- தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அன்று அந்தப் பிள்ளை மறுபடி இறங்கக் கூடாது. மருத்துவர் பார்த்து, படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். ஃபைனலாக இருந்தாலும் இதுதான் விதி.

- வார்ம்-அப் எப்படி என்று பாருங்கள். ஃபிஃபாவின் '11+ கிட்ஸ்' என்ற பயிற்சித் தொகுப்பு 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது. ஐரோப்பாவில் 4 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதையோ இதுபோன்ற ஒன்றையோ ஒழுங்காகச் செய்யும் கிளப் என்றால் அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடும்.

அப்புறம் என்ன செய்வது?

இரண்டு வாரக் கெடு உங்களை அவசரப்படுத்துவதற்குத்தான் உதவுகிறது. அடுத்த ட்ரையல்ஸ் வரும், வேறு கிளப்களும் உண்டு. நல்ல ஆட்டக்காரனை வேண்டும் என்று நினைக்கும் கிளப் ஒரு மாதம் பொறுக்கும்.

என் கருத்து: இப்போது இருக்கிற நிபந்தனைகளோடு சேர்க்க வேண்டாம். அதே சமயம் கிளப்பிடம் முறித்துப் பேசவும் வேண்டாம். அவர்களுக்கு ஒரு பதில் எழுதுங்கள். மகனுக்குக் குதிகாலில் பிரச்சினை இருக்கிறது, மருத்துவர் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று உண்மையைச் சொல்லுங்கள். அவன் வயதுக்கான அணியில் இடம் வரும்போது சேர விருப்பம் என்று சொல்லுங்கள். தொடக்கத்தில் வாரம் இரண்டு நாள், மாதம் ஒரு டோர்னமென்ட், ஒரு மாதச் சோதனைக் காலம் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் நல்ல கிளப், குதிகால் சரியானதும் தாராளமாக அனுப்பலாம். அப்போது கிளப், பள்ளி இரண்டில் எதைக் குறைப்பது என்பதை அவனே சொல்லட்டும். இரண்டையும் முழுசாகத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதை மட்டும் நீங்கள் முடிவாகச் சொல்லிவிடுங்கள்.

மறுத்தால், இந்தப் பருவத்தைப் பழைய கிளப்பிலேயே ஆடட்டும். அங்கே அவனுக்குச் சவால் போதவில்லை என்பது உங்கள் கணவரின் நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பயிற்சியாளரிடம் பேசி, தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு பயிற்சியில் மட்டும் சில ஆட்டங்கள் ஆட விடச் சொல்லலாம். வலது காலன் என்றால் ஒரு மாதம் முழுக்க இடது காலாலேயே பாஸ் கொடுக்கப் பழகட்டும். பள்ளி விடுமுறையில் ஒரு குறுகிய பயிற்சி முகாமுக்கு அனுப்பலாம். பயிற்சியாளர் யாரும் இல்லாமல் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்துக்கும் நேரம் விடுங்கள். அங்கேதான் யாருக்கும் பயப்படாமல் புதுசாக ஒன்றை முயன்று பார்ப்பான்.

நீங்கள் கெடுத்தவள் ஆவேனா என்று கேட்டீர்கள். மாட்டீர்கள். வலியை முதலில் கவனித்தவர் நீங்கள். அது அவன் எதிர்காலத்துக்குச் செய்த முதல் உதவி.

அவனிடம் இதைச் சொல்லும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். அம்மா தடுத்துவிட்டாள் என்றோ அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார் என்றோ அவன் காதில் விழக் கூடாது. கிளப் அவனைத் தேர்ந்தெடுத்தது உண்மை, அது அவன் சம்பாதித்தது என்பதை முதலில் சொல்லிவிட்டு, குதிகால் விஷயத்தை அப்புறம் சொல்லுங்கள். எவ்வளவு நாள் என்று கேட்பான். இரண்டு மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யலாம் என்று தேதியைக் காலண்டரில் அவனையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் மேட்ச் இருந்தால் கேப்டனாக அணியோடு போகட்டும்; ஆட வேண்டாம், ஆள் மாற்றத்தைக் குறித்து வைத்துப் பயிற்சியாளருக்கு உதவட்டும்.